வலது பக்கத்துச் சீட்

மார்ச் 3, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் வாசலுக்கு வந்துவிட்டது. கீழ்த் தொட்டியில் பாதித் தண்ணீர். மோட்டார் போட்டு ஏற்றினேன். இவருக்கு ராகிக் கூழ், கட்டி இல்லாமல் இரண்டு தரம் வடிகட்டி. பாதிதான் இறங்கியது.

ஸ்டீபன் வந்து வண்டியைப் பார்த்தார். தெரு முனையில் சீட் கவர் கடை வைத்திருப்பவர். எங்கள் கணபதிப் பகுதியில் பாதி வண்டிகளுக்குத் துணி தைத்தது அவர்தான். இடது கதவைத் திறந்து உட்கார்ந்து எழுந்தார். "ரொம்பத் தாழ்வுங்க்கா. நமக்கே எந்திரிக்க முட்டி வலிக்குது." அதைத்தானே நானும் சொல்கிறேன். இவர் மோட்டார் பட்டறை நடத்திய காலத்தில் வாங்கிய டீசல் கார். உள்ளே இறங்கினால் கிணற்றில் இறங்குவது போல.

போன மாதம் ஆஸ்பத்திரி வாசலில் நடந்ததை இன்னும் இதில் எழுதவில்லை. எழுதாமல் விட்டால் நடக்காததாகிவிடுமா? வாடகை டிரைவர் இவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். கால் நிற்கவில்லை. காருக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டார். வேட்டி விலகிவிட்டது. சுற்றிலும் ஆட்கள். நான் குனிந்து வேட்டியைச் சரி செய்தேன். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அன்று வீட்டுக்கு வந்தவர்தான், அதற்குப் பிறகு கேட்டைத் தாண்டவில்லை.

நரம்பு நோய். கால், கை, தொண்டை, மூச்சு என்று டாக்டர் ஒரு வரிசை சொன்னார். இப்போது தொண்டையில் இருக்கிறோம். 24ஆம் தேதி மூச்சுப் பரிசோதனை. ஆம்புலன்ஸ் சொல்லிவிடட்டுமா என்று இவரிடம் கேட்டேன்.

"படுத்துட்டுப் போறது ஒருக்காத்தான் அம்மணி. அது இப்ப வேண்டாம். நான் உக்காந்துதான் போவேன்."

மகள் கவிதா பெங்களூரிலிருந்து சொன்ன யோசனைதான் இந்தக் கரண்ட் சீட். பெரிய வண்டிகளில் இருப்பது. பட்டனை அமுக்கினால் ஏறும், இறங்கும், முன்னே பின்னே போகும். அதைக் கழற்றிப் பழைய வண்டியில் மாட்டுகிறார்களாம். சக்கர நாற்காலி உயரத்துக்குச் சீட்டை ஏற்றினால் இவரைத் தூக்க வேண்டாம். அப்படியே நகர்த்தி உட்காரவைத்து, பிறகு இறக்கிக்கொள்ளலாம். ஓட்டுவதற்கு வேறு டிரைவர் பார்க்க வேண்டும்.

ஸ்டீபனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன், இடது பக்கம், இடது பக்கம் என்று.

"ஆகட்டுங்க்கா."

மார்ச் 5, புதன்

புழுக்கம். பக்கத்து வீட்டு சாந்தியை இவருக்குத் துணை வைத்துவிட்டு ஸ்டீபனோடு உக்கடம் போனேன். பழைய உதிரி பாகக் கடைகள். கதவு ஒரு குவியல், பம்பர் ஒரு குவியல், ஸ்டீரிங் எல்லாம் மாலை போல ஒரு கம்பியில். நான்கு கடை ஏறி இறங்கி ஐந்தாவதில் கிடைத்தது. பின்னால் அடிபட்ட பெரிய கார் ஒன்றிலிருந்து கழற்றியது. சந்தன நிறத் தோல். யாரோ ஒரு கனத்த மனிதர் பல வருஷம் உட்கார்ந்த பள்ளம் நடுவில்.

கடைக்காரர் ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து ஒயரைத் தொட்டுக் காண்பித்தார். "நீங்களே உக்காந்து பாருங்கம்மா." உட்கார்ந்தேன். பட்டனை மேலே இழுத்தேன். முனகிக்கொண்டே என்னைத் தூக்கியது. கடையில் வேலை செய்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். கூச்சமாக இருந்தது. ஆனாலும் உடனே இறங்கவில்லை. பம்பர்க் குவியலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. டீக்கடை.

ஒரே சிக்கல். இது டிரைவர் பக்கத்துச் சீட்டு. அந்த மாதிரி வண்டிகளில் டிரைவருக்கு மட்டும்தான் மோட்டார் வைக்கிறார்களாம். "லெப்ட்ல வருமா?" என்று கேட்டேன். ஸ்டீபன் தலையைச் சொறிந்தார். "சீட்டு நகர்ற தண்டவாளம் கொஞ்சம் அகலமுங்க்கா. இரும்புப் பட்டை வெச்சு மாட்டிப்போடலாமுங்க. சுவிட்சு நடுவுல வந்துரும், அது நல்லதுதானுங்க, ஓட்டறவங்களே அமுக்கலாம்."

வாங்கியாச்சு. ஆட்டோவில் சீட்டை ஏற்றி, அதன் மேலேயே உட்கார்ந்து வந்தேன்.

வாங்க: சலவை சோப்பு. இவருக்கு இருமல் மருந்து (சர்க்கரை இல்லாதது). பச்சைப்பயறு.

மார்ச் 8, சனி

இவரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். நானாகக் கூப்பிடவில்லை. "வெளிய வுடு, அவன் என்ன பண்றான்னு பாக்கோணும்" என்று இவரே கேட்டார். ஒரு மாதத்தில் முதல்முறை. நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஓடிவந்தேன். பால் பொங்கிப் போனது. போகட்டும்.

ஸ்டீபன் வண்டிக்குள் தலைகீழாகக் கிடந்தார். தரையில் நான்கு போல்ட். பழைய சீட்டைக் கழற்றியதும் அடியில் இருந்து வந்தவை: ஒரு ஹேர்பின், கவிதா பள்ளிக்கூட நாளில் தொலைத்த பென்சில் ஷார்ப்னர், பழநி விபூதிப் பொட்டலம், முறுக்குத் துண்டு. கம்பளத்தின் அடியில் துரு.

"தரையில வெல்டிங் வெக்காதே ஸ்டீபா. கீழ டீசல் பைப்பு போகுது."

"இல்லீங்ணா. போல்ட்டுதானுங்க."

"எத்தன சூட்டுத் தடிப்பு போல்ட்டு? பெரிசாப் போடு. மோட்டாரு எத்தன ஆம்பியர் இழுக்குதுன்னு பாத்தியா?"

பேச்சு இழுத்துத்தான் வருகிறது. ஆனால் பட்டறையில் நின்று பேசுவது போலப் பேசினார். சாப்பாட்டுக்கு வாயைத் திறக்க வைக்க நான் படும் பாடு என்ன, இந்த இரும்புத் துண்டுகள் ஒரே நாளில் செய்தது என்ன. கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

பிறகு என்னை உள்ளே தண்ணீர் எடுத்துவர அனுப்பினார். வரும்போது இருவரும் ஏதோ ரகசியம் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். லேத்துப் பட்டறையில் நான்கு இரும்பு உருளை கடைந்து வாங்கிவரச் சொல்கிறார் என்று காதில் விழுந்தது. கேட்டதற்கு, "சீட்டுக்கு முட்டுக் குடுக்க" என்றார். சரி.

மார்ச் 10, திங்கள்

காற்று கொஞ்சம். ஸ்டீபன் சிகரெட் லைட்டர் ஒயரில் இருந்து சீட்டுக்குக் கரண்ட் எடுத்திருக்கிறார். பட்டனை அமுக்கியதும் பட்டென்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகும் வாசம். பியூஸ் போய்விட்டது. நான் பயந்து வாளித் தண்ணீரோடு ஓடினேன். இவர் அசையவில்லை. அசைய முடியாது என்பது வேறு. "தண்ணி வேண்டாம். பேட்டரியில இருந்து நேராத் தடி ஒயர் இழு. தனி பியூஸ் போடு. நான் அப்பவே சொன்னேன்." எப்போது சொன்னார்? ஆனாலும் முகத்தில் ஒரு நிறைவு. ஸ்டீபன் "ஆமாங்ணா, நீங்க சொன்னீங்க" என்று சொல்லிவிட்டார். சொல்லவே இல்லை, எனக்குத் தெரியும்.

சாயங்காலம் குளிப்பாட்டும்போது இவர் கை என் தோளில் இருந்து தானாக வழுக்கி விழுந்தது. போன வாரம் பிடித்துக்கொண்டிருந்தது.

மார்ச் 12, புதன்

காரமடையில் சித்தப்பா பேத்திக்கு வளைகாப்பு. போகாவிட்டால் பேச்சாகும். சாந்தி பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பஸ்ஸில் போய் வந்தேன். எல்லோரும் கேட்டார்கள். "மாப்பிள்ள எப்படி இருக்காருங்க?" "பரவாயில்லீங்க." "நடக்கறாருங்களா?" "இன்னும் கொஞ்ச நாளாகுமுங்க." பொய்தான். வளையல் அடுக்குகிற இடத்தில் வேறென்ன சொல்வது?

வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வாசலில் கார், கதவுகள் திறந்தபடி. சந்தன நிறச் சீட் வலது பக்கத்தில். ஸ்டீரிங்குக்குப் பின்னால்.

"இதென்னங்க ஸ்டீபன்?"

"அண்ணன் சொன்னாருங்க்கா, ரைட்ல போடச் சொல்லி."

"நானும் சொன்னேனே, லெப்ட்லன்னு?"

"ஆமாங்க்கா. நீங்களும் சொன்னீங்க."

"பொறவு?"

"ரெண்டு பேருக்கும் ஆகட்டும்னு சொல்லிப்போட்டேனுங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அண்ணன் இந்த நெலமையில சொல்றப்ப, எப்படிங்க்கா மாட்டேங்கறது?"

இந்த ஊரில் பிறந்து இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே யாரும் முடியாது என்று வாயால் சொல்லமாட்டார்கள். "பாக்கலாமுங்க" என்றால் நடக்காது. "ஆகட்டுங்க" என்றால் காதில் விழுந்தது, அவ்வளவுதான். காரமடையில் நான் சொன்ன "பரவாயில்லீங்க" மட்டும் என்ன சேர்த்தி?

இவர் அறைக்குள் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை. இமை ஆடியது.

மார்ச் 13, வியாழன்

பேசவில்லை. கூழ் கொடுத்தேன், வாயைத் துடைத்தேன், திருப்பிப் படுக்கவைத்தேன். ஒரு வார்த்தை இல்லை.

டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, ஸ்டீரிங்கைப் பிடிக்கப் போகிறாரா? கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். பிரேக்கை எதனால் மிதிப்பார்? 24ஆம் தேதிக்கு இவரை எப்படி ஏற்றுவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். இவர் முதலாளி மாதிரி டிரைவர் சீட்டில் உட்கார ஆசைப்படுகிறார். எரிச்சலில் சாம்பாருக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன்.

கவிதாவுக்குப் போன். "அப்பாவுக்கு ஆசை இருக்கும், விடும்மா. ஒருக்கா உக்காரட்டும்." சுலபமாகச் சொல்லிவிட்டாள். அப்புறம் அவளும் அழுதாள், நானும்.

எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். எனக்குக் கோபம் சீட்டின் மேல் இல்லை. இவருக்கு நிலைமை தெரியும், நாம் இரண்டு பேரும் ஒரே பக்கம் இருக்கிறோம் என்று நினைத்திருந்தேன். இவர் இன்னும் ஓட்டப் போவதாக நம்பினால், தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் தனிமை தாங்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்ததும் கூப்பிட்டார்.

"அம்மணி, என்னையக் காருக்கிட்டத் தள்ளு."

தள்ளினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

"லெப்ட் கதவத் திற."

திறந்தேன். எங்கள் பழைய சீட்டு, பழைய நீலத் துணி. ஆனால் உயரமாக நிற்கிறது. அடியில் அந்த நான்கு இரும்பு உருளைகள், நீள போல்ட் போட்டு. சக்கர நாற்காலியை ஒட்டி நிறுத்தினேன். இரண்டும் ஒரே மட்டம். நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவில் வைக்க ஒரு பலகை, ஸ்டீபன் வழவழப்பான ரெக்ஸின் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். இவரைத் தூக்கவே இல்லை. இடுப்பில் கை வைத்து நகர்த்தினேன், வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். தலை மட்டும் கூரையில் லேசாக இடித்தது.

"எனக்கு ஒரே உசரந்தான் வேணும். ஒருக்கா ஏத்தி வெச்சாப் போதும். அதுக்கு எதுக்கு மோட்டாரு? இரும்பு போதும்."

"பொறவு அது?" வலது பக்கத்தைக் காட்டினேன்.

"உனக்கு."

குனிந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"உனக்குத்தான் உசரமும் வேணும், முன்னாலயும் வரோணும். அன்னிக்குத் தலகாணி வெச்சுத்தான ஓட்டுனே."

கவிதா கைக்குழந்தையாக இருந்தபோது ஓட்டப் படித்தேன். லைசென்ஸும் வாங்கினேன். என் உயரத்துக்கு பானெட் தெரியாது. இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்தால் கால் கிளட்ச்சுக்கு எட்டாது. ஒருநாள் தலையணை வழுக்கி, காந்திபுரம் சிக்னலில் வண்டி நின்று, பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்து, அத்தோடு விட்டுவிட்டேன். இவர் மட்டும் லைசென்ஸைக் காலாவதியாக விடவில்லை. ஒவ்வொரு முறையும் தன்னுடையதைப் புதுப்பிக்கப் போகும்போது என்னையும் இழுத்துக்கொண்டு போவார். "கெடக்கட்டும்" என்பார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா வேண்டாம்னிருப்பே."

ஆமாம். சொல்லியிருப்பேன்.

"அறுவது தாண்டியாச்சுங்க. நான் எங்கீங்க ஓட்டறது?"

"வேற ஆரு ஓட்டுவா?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "என்னையத் தூக்கிப் போட்டவன் கையில இன்னொருக்கா நான் போகமாட்டேன்."

சுற்றி வந்து ஏறி உட்கார்ந்தேன். பட்டன். அதே முனகல். முன்னால் வந்தது, மேலே போனது. ஸ்டீரிங்குக்கு மேலே பானெட், பானெட் முடிகிற இடம், அதற்கப்பால் எங்கள் கேட், கேட்டில் உரிந்த பெயிண்ட். எல்லாம் தெரிந்தது. கால் மூன்று பெடலுக்கும் எட்டியது. இவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. கும்பிடவும்தான். இரண்டும் செய்யவில்லை. "காப்பி வெக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

மார்ச் 17, திங்கள்

விடியலில் நல்ல குளிர்ச்சி. தெரு நடமாட்டம் தொடங்குவதற்குள் ஓட்டிப் பழகுகிறேன். இவர் பக்கத்தில். ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை. கியர் கரகரத்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார்.

இடது கணுக்கால் வலி. எண்ணெய் தேய்க்க.

பால் ஊற்றுகிறவர்: "ஏனுங்க்கா, இந்த வயசுல எதுக்குங்க ரிஸ்க்கு? ஆளு வெச்சுக்கலாமுங்கில்ல?" "பாக்கலாமுங்க" என்றேன். புரிந்திருக்கும்.

மார்ச் 19, புதன்

இன்று செய்த கூத்து. சீட்டில் 1, 2 என்று இரண்டு பட்டன். நம் அளவைப் பதிந்து வைத்தால் அமுக்கியதும் அந்த இடத்துக்குத் தானாக வரும். ஒன்றில் என் அளவைப் பதிந்தாயிற்று. பேக்கரி முன்னால் திரும்பும்போது கை பட்டு 2 அமுங்கிவிட்டது. அதில் இன்னும் அந்தக் கனத்த மனிதர் இருக்கிறார். சீட்டு என்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது, சாய்ந்தது, இறங்கியது. கால் கிளட்ச்சை விட்டது. வண்டி உதறி நின்றது. நான் ஸ்டீரிங்கை எட்டிப் பிடித்தபடி கூரையைப் பார்த்துக் கிடந்தேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எங்களையே.

இவர் சிரித்தார். உடம்பு குலுங்கிச் சிரித்தார். எத்தனை நாளாயிற்று. நானும் சிரித்தேன். பிறகு அந்தச் சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. நெஞ்சைத் தாங்கி முன்னால் குனியவைத்து முதுகைத் தட்டினேன். நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பேக்கரிக்காரர் தண்ணீரோடு வந்து நின்றார், வாங்கத் தோன்றவில்லை.

இனி இவரைச் சிரிக்கவைக்கவும் பயப்பட வேண்டும்.

2 மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன்.

மார்ச் 22, சனி

சூடு. சத்தி ரோடு வரை போய்த் திரும்பினோம். லாரி பக்கத்தில் வந்தால் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

இவருக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. தலையணை மூன்று வைத்துச் சாய்த்தால்தான் மூச்சு. பகலில் தூங்கி விழுகிறார். பேச்சும் குறைவு. இன்று சொன்னது மொத்தம் இதுதான்: "வெள்ளச் சட்டை இஸ்திரி போட்டு வை."

மார்ச் 24, திங்கள்

போனோம். இவர் உட்கார்ந்து போனார்.

வெள்ளைச் சட்டை, வேட்டி, கைக்கடிகாரம். சாந்தி கேட்டைத் திறந்து பிடித்தாள். ஸ்டீபன் கடை வாசலில் நின்று கையைத் தூக்கினார். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். இவர் நிமிர்ந்து நேராகப் பார்த்தபடி. கூரையில் முட்டுவதால் நிமிர்ந்த மாதிரி தெரிந்ததோ என்னவோ. ஆஸ்பத்திரி வாசலில் பலகையை வைத்து நகர்த்தினேன். விழவில்லை. வேட்டி மடிப்புக்கூடக் கலையவில்லை. அதே இடம்தான். நான் அந்தத் தரையைப் பார்த்தேன். இவர் பார்க்கவில்லை.

பரிசோதனை. குழாயில் ஊதச் சொன்னார்கள். திரும்பத் திரும்ப ஊதினார். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "மூச்சு ரொம்பக் குறைஞ்சிருக்குங்கம்மா. இன்னிக்கே அட்மிட் பண்ணிரலாம். மாஸ்க் வெச்சுப் பாக்கோணும்." வீட்டுக்கு எப்போது என்று கேட்டேன்.

"பாக்கலாமுங்கம்மா."

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

வார்டில் படுக்கவைத்தார்கள். முகமூடி போடுவதற்கு முன் பக்கத்தில் வரச் சொன்னார்.

"இருட்டறதுக்குள்ள ஊட்டுக்குப் போ."

"நான் இங்கியே இருக்கறேனுங்க."

"போ. மாத்துத் துணியில்ல, ஒண்ணுமில்ல. போய்ட்டுக் காலைல வா."

"எப்படிங்க நான் மட்டும்..."

"நான் இங்க வாரதுக்கு எப்படியும் வந்திருப்பேன் அம்மணி. ஆம்புலன்சு இருக்குது." மூச்சு எடுத்தார். "நீ திரும்பிப் போறதுக்குத்தான் அந்தச் சீட்டு."

நர்ஸ் முகமூடியைக் கட்டினாள். அதற்கு மேல் பேச முடியாது.

கார் நிறுத்தும் இடம். இடது பக்கம் உயரத்தில் நீலச் சீட்டு, காலி. ஏறி 1 அமுக்கினேன். முன்னால் கொண்டுபோய் என் இடத்தில் வைத்தது. அழுதேன், நன்றாகவே. பின்னால் ஒருவர் வண்டி எடுக்கக் காத்திருந்தார், ஹாரன் அடிக்கவில்லை. கண்ணைத் துடைத்து, கண்ணாடியைத் திருப்பி, கிளம்பினேன். சிக்னலில் எல்லாம் நின்று நின்றுதான் வந்தேன். விளக்குப் போடும் நேரத்துக்கு வீடு. கேட்டில் உரசாமல் உள்ளே விட்டேன். அதைச் சொல்ல உள்ளே ஆள் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 25, செவ்வாய்

மேகமூட்டம். கவிதா மதியம் வருகிறாள். "டாக்ஸியில போம்மா" என்றாள். "பாக்கலாம்" என்றேன்.

ஆறு மணிக்கு வார்டு நர்ஸிடம் போன் செய்தேன். ராத்திரி தூங்கினாராம்.

எடுத்துப் போக: ரேசர். துண்டு இரண்டு. மூக்குக்கண்ணாடி. சீப்பு. வெள்ளைச் சட்டை இன்னொன்று, இஸ்திரி போட்டது, திரும்பி வரும்போது போட.

பலகை. நேற்றே வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டேன், மறந்துவிடக் கூடாது. இப்போதே கொண்டுபோய் இடது சீட்டில் வைத்து பெல்ட் மாட்டியாயிற்று. அது இல்லாவிட்டால் அவரை உட்காரவைத்துக் கூட்டிவர முடியாது.